யூலியா பிடித்து வைத்த மேசை

அந்தச் சாப்பாட்டுக்கு நான் போயிருக்கவே கூடாது. என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. யூலியா கூப்பிட்டது தன் தகப்பன் இராயப்புவை மட்டும்தான். அவளுக்கு அன்றைக்கு அவரிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. கணவன் கொட்வினோடு இனிமேல் சேர்ந்து வாழ முடியாது, அந்த வீட்டை விட்டு வெளிக்கிடப் போகிறேன், கொஞ்சக் காலம் உங்களோடு வந்து இருக்கட்டுமா என்று கேட்க வேண்டியிருந்தது. ஊர் வாயால் அவர் கேள்விப்பட முன்னம் தன் வாயால் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்து, பிராங்பேர்ட்டில் ஒரு யப்பான் சாப்பாட்டுக் கடையில் மேசை பிடித்து வைத்திருந்தாள். அந்த மேசைக்குத்தான் நானும் என் மனைவி யோசப்பினும் வெளிக்கிட்டுப் போய்ச் சேர்ந்தோம்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது என் பசி ஒன்றுதான்.

முறையைச் சொல்லிவிடுகிறேன். இராயப்பு என் மனைவியின் மூத்த அண்ணன். அவள் அண்ணை என்று கூப்பிடுவதால் நானும் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். கொட்வின் என் சொந்த அண்ணனின் மகன். யூலியாவையும் கொட்வினையும் முடிச்சுப் போட்டு வைத்தது நாங்கள்தான். யூலியாவின் தாய் புஷ்பமலர் அக்கா காலமான பிறகு, தாயில்லாத பிள்ளைக்கு நான் பார்க்காமல் வேறு ஆர் பார்ப்பது என்று யோசப்பின் வரிந்து கட்டிக்கொண்டு நின்றாள். கொட்வினைப் பற்றி ஒருவரும் ஒரு குறை சொல்ல முடியாது. குடி இல்லை, புகை இல்லை, நாங்கள் இருக்கிற பீலெஃபெல்ட்டில், தேவாலயத்தில் நடக்கும் எங்கள் தமிழ்ப் பூசைக்குப் பாடகர் குழுவில் பாடுகிறவன். பாட்டுக்கு மட்டும்தான் அவன் வாய் திறப்பான் என்பதை நாங்கள் நல்ல குணமாக எடுத்துக்கொண்டோம். ஒரு சொல் பிசகினால் கிழமைக் கணக்காகப் பேசாமல் இருப்பான். என் அண்ணனும் அதே அச்சுத்தான். அண்ணி குசினிச் சுவரோடு கதைத்தே காலத்தை ஓட்டியவர். கலியாணம் பேசும்போது இதையெல்லாம் ஆர் எடுத்துச் சொல்வார்கள்? கலியாணம் முடிந்து கொட்வினுக்குப் பிராங்பேர்ட் பக்கம் வேலை மாற்றம் கிடைத்தது. பிள்ளை தகப்பனுக்குக் கிட்ட வந்துவிட்டாள் என்று எல்லோரும் சந்தோசப்பட்டோம்.

தெரிந்தவர் ஒருவருடைய பேரப்பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்குகிற முதல்நன்மைக்காக நாங்கள் பிராங்பேர்ட் வந்திருந்தோம். பூசை ஞாயிற்றுக்கிழமை. வெள்ளி பின்னேரமே இராயப்பு அண்ணை வீட்டில் போய் இறங்கிவிட்டோம். விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டி ஏற்றி இறக்கி முதுகு போன மனிதர் அவர். இப்போது ஓய்வெடுத்துக்கொண்டு கிறீஸ்ஹைமில் தனியாக இருக்கிறார். ஆட்கள் வந்து நின்றால் அவருக்குக் கால் நிலத்தில் படாது. சனிக்கிழமை காலையில் எங்களுக்கு அப்பம் சுட்டுக்கொண்டு நின்றபோதுதான் யூலியாவின் போன் வந்தது. ஒரு கையில் அகப்பையும் மறு கையில் போனுமாக, "ஓம் பிள்ளை, ஓம், வாறன், வாறன்" என்று சொல்லி வைத்தார்.

"யூலியா இண்டைக்குப் பின்னேரம் சாப்பிடக் கூப்பிடுறாள். ஏதோ யப்பான் கடையாம். வெளிக்கிடுங்கோ, எல்லாரும் போவம்."

"நாங்கள் ஏன் அண்ணை? பிள்ளை உங்களையெல்லோ கூப்பிட்டவள்," என்றேன்.

"விசர்க் கதை கதையாதையும். வீட்டுக்கு வந்த ஆக்களை விட்டிட்டு நான் போய்க் கடையில சாப்பிடுறதோ?"

"வீட்டில பாண் கிடக்குதுதானே. நாங்கள் சாப்பிட்டிட்டு இருப்பம்."

எங்கள் ஆட்களுக்கு இந்த முறை தெரியும். இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும், மூன்றாம் தடவை கூப்பிடும்போது எழும்ப வேண்டும். நான் அந்த முறைப்படி ஒரு பிசகும் இல்லாமல் நடந்துகொண்டேன். உண்மையிலேயே போக விருப்பமில்லாத மனிதன் மூன்றாம் தடவையும் வேண்டாம் என்று சொன்னால்கூட, அதற்கும் மரியாதை என்றுதான் பெயர் வைப்பார்கள். யோசப்பின் இந்த நாடகம் முடியும்வரை காத்திருக்கவில்லை. அவள் அறைக்குள் சேலைக்கு அயன் போடத் தொடங்கிவிட்டாள்.

"அப்ப யூலியாவுக்கு ஒருக்காப் போன் பண்ணிச் சொல்லுங்கோ அண்ணை, நாங்களும் வாறம் எண்டு," என்று மட்டும் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "மாமாவும் மாமியும் வாறதுக்கு அவளிட்ட நேரம் கேட்டு ரெர்மின் எடுக்கோணுமோ? வெள்ளைக்காரர் மாதிரிக் கதையாதையும்."

அந்த ஒரு போனை அவர் எடுத்திருந்தால் அவள் இன்னொரு நாளைக்கு மாற்றியிருப்பாள். அதை நினைக்க நினைக்க எனக்கு அவர்மேல் கோபம் வருகிறது. பிறகு, அவர் போன் எடுக்கும்வரை வாசல்படி தாண்டாமல் நிற்க எனக்கு ஏன் முடியவில்லை என்று என்மேலும் கோபம் வருகிறது.

கடை, பெரிய ரயில் நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி, வங்கிக் கட்டடங்களுக்குப் பின்னால் ஒரு சின்னத் தெருவில் இருந்தது. யூலியா எங்களுக்கு முன்னமே வந்துவிட்டாள். கடையின் கடைசி மூலையில், மரத் தட்டி மறைத்த ஒரு சின்ன மேசையில், வாசலைப் பார்த்தபடி இருந்தாள். தகப்பனைக் கண்டதும் எழும்பினாள். அவருக்குப் பின்னால் யோசப்பினின் பட்டுச் சேலை தெரிந்தது. அதற்குப் பின்னால் நான். எழும்பியவள் மேசை விளிம்பைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"மாமி, மாமா, நீங்கள் எப்ப வந்தனீங்கள்?" என்று கேட்டாள்.

"நேற்று வந்தனாங்கள் குஞ்சு. உனக்கு ஒரு சப்பிறைஸ்," என்று யோசப்பின் அவளைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினாள்.

அந்த மேசையில் எதிரும் புதிருமாக இரண்டு கதிரைகள்தான் இருந்தன. நடுவில் ஒரு சின்னச் சட்டி, இரண்டு கிண்ணம், இரண்டு சோடி குச்சி. பரிமாறுகிற பெண்ணோடு யூலியா டொச்சில், யேர்மன் மொழியில், ஏதோ மெதுவாகக் கதைத்தாள். இன்னொரு மறைவான மேசை கிடைக்குமா என்று கேட்கிறாள் என்பது எனக்கு விளங்கியது. சனிக்கிழமைப் பின்னேரம் எந்தக் கடையில் அப்படி மேசை கிடைக்கும்? கடைக்கு நடுவில் நாலு பேர் மேசை ஒன்றுதான் இருந்தது. ஏழு மணிக்கு அதற்கு வேறு ஆட்கள் வருகிறார்கள், அதற்குள் எழும்பிவிட வேண்டும் என்றாள் அந்தப் பெண். "பரவாயில்லை," என்றாள் யூலியா. அந்த மூலை மேசையை அவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். இருந்த மேசை வசதியாக இருந்ததாக்கும் என்று நான் நினைத்தேன். என் மூளை அவ்வளவுதான் வேலை செய்தது.

மேசைக்கு நடுவில் குழி மாதிரி வெட்டி, அதற்குள் மின்சார அடுப்புப் பதித்திருந்தார்கள். அதன்மேல் ஒரு பெரிய சட்டி. உள்ளே ஏதோ கடல் இலை போட்ட தெளிந்த தண்ணீர். தட்டுத் தட்டாக மாட்டிறைச்சி வந்தது, கடதாசி மாதிரி மெல்லிசாகச் சீவி, சுருட்டி அடுக்கியிருந்தார்கள். கோவா, காளான், தோபு, தடித்த நூடில்ஸ், தோய்த்துச் சாப்பிட எள்ளில் செய்த ஒரு குழம்பு. எல்லாம் பச்சை.

"இதென்ன, சமைக்க முன்னமே கொண்டு வந்திட்டினம்," என்றாள் யோசப்பின்.

"நாங்கள்தான் மாமி சமைக்கிறது. ஒவ்வொரு துண்டா எடுத்து, கொதிக்கிற தண்ணிக்குள்ள ரண்டு மூண்டு தரம் அலசிப்போட்டு உடன எடுக்கோணும். கன நேரம் விட்டா ரப்பர் மாதிரி வந்திடும்."

"சீலை அலசுற மாதிரி எண்டு சொல்லு. இறைச்சி எண்டா ஒரு மணித்தியாலமாவது அவிய வேண்டாமோ? வயித்துக்குள்ள பிரச்சினை வந்தா நாளைக்குப் பூசைக்குப் போக ஏலாது."

இராயப்பு அண்ணை இதற்குள் ஒரு தட்டு இறைச்சியை அப்படியே தூக்கிச் சட்டிக்குள் கவிழ்த்துவிட்டார். கறிக்குப் போடுகிற பழக்கம். தண்ணீர் கொதி அடங்கி, சாம்பல் நிறமாக நுரைத்தது. பரிமாறுகிற பெண் ஓடி வந்து ஒரு கரண்டியால் நுரையை அள்ளிவிட்டாள். அவர் கொஞ்சமும் கூச்சப்படாமல் யூலியாவைக் காட்டி, "மைனெ ரொக்டர்," என் மகள், என்று தனக்குத் தெரிந்த டொச்சில் அவளுக்கு அறிமுகம் செய்துவைத்தார். அவ்வளவு பெருமை முகத்தில். ஆவி அடித்து அவருடைய கண்ணாடி புகார் மூடியதும் யூலியா எட்டி அதைக் கழற்றித் துடைத்து, காதுக்குப் பின்னால் கம்பியைச் சரி பார்த்து, திரும்பப் போட்டுவிட்டாள். அவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள், அந்தக் கை தன்பாட்டில் அதைச் செய்யும். அப்படியே அவருடைய தோளில் கையை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா, உங்களோட ஒரு விஷயம் கதைக்கோணும்."

"கதைப்பம், கதைப்பம். முதல் சாப்பிடுவம். சாப்பாட்டுக்கு முன்னால இருந்துகொண்டு ஒரு விஷயமும் கதைக்கக் கூடாது."

அது எங்கள் வீடுகளில் சட்டம். நல்லதோ கெட்டதோ, சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான். ஆனால் வீட்டில் சாப்பாட்டுக்கு ஒரு முடிவு உண்டு. இந்தச் சட்டிச் சாப்பாட்டுக்கு முடிவே இல்லை. தட்டு வெறுமையானால் அடுத்த தட்டு வருகிறது, தண்ணீர் வற்றினால் ஊற்றுகிறார்கள், போட்டுக்கொண்டே இருக்கலாம், எடுத்துக்கொண்டே இருக்கலாம். யூலியா பொறுமையாக ஒவ்வொரு துண்டாக எடுத்தாள். குச்சியால் பிடித்து, தண்ணீருக்குள் அப்படியும் இப்படியும் அசைத்து, சிவப்பு மாறுகிற அந்த நேரம் பார்த்துத் தூக்கி, எள்ளுக் குழம்பில் ஒரு பக்கம் தொட்டு, தகப்பனின் கிண்ணத்தில் வைத்தாள்.

இராயப்பு அண்ணை அதை எடுத்து என் கிண்ணத்தில் வைத்தார்.

"அண்ணை, நீங்கள் சாப்பிடுங்கோ."

"நீர் சாப்பிடும். நான் பிறகு சாப்பிடுறன்."

அவள் அடுத்ததை எடுத்து அலசி அவருக்கு வைத்தாள். அது யோசப்பினுக்குப் போனது. அதற்கடுத்தது எனக்கு. நான் விருந்தாளி மட்டுமல்ல, மாப்பிள்ளையின் சித்தப்பா, சம்பந்தி வீட்டு ஆள். எனக்கு முன்னால் பெண் வீட்டுத் தகப்பன் ஒரு வாய் வைக்க மாட்டார். எங்களுக்கு இது புதிதில்லை. நான் கூச்சமில்லாமல் சாப்பிட்டேன். உள்ளதைச் சொன்னால், அந்த இறைச்சி வாயில் வைக்கக் கரைந்தது. மகள் தகப்பனுக்கென்று பார்த்துப் பார்த்துச் சமைத்ததில் முக்கால்வாசி என் வயிற்றுக்குள் போனது. அவருடைய கிண்ணத்தில் கடைசிவரை எள்ளுக் குழம்பின் கறை மட்டும்தான் இருந்தது. அவளுடைய கிண்ணத்தை நான் பார்க்கவே இல்லை.

ஒரு கட்டத்தில் அவள், "அப்பா, இது உங்களுக்கு," என்று சொல்லியே வைத்தாள். "ஓம் பிள்ளை," என்று சொல்லிக்கொண்டே அவர் அதையும் என் பக்கம் தள்ளினார்.

யோசப்பின் கொட்வின் கதையை எடுத்தாள். எடுக்காமல் விடுவாளா? "எங்க அவன்? அவனையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம்தானே."

"வேலை மாமி."

"பாவம், அவனும் மாடு மாதிரி உழைக்கிறான். உனக்குத் தெரியுமோ, பீலெஃபெல்ட்டில எல்லாரும் என்னட்டக் கேக்கினம், எங்க பிடிச்சனீங்கள் இப்பிடி ஒரு மாப்பிள்ளையை எண்டு. அதிர்ந்து ஒரு சொல்லுச் சொல்லமாட்டான்."

"ஓம் மாமி," என்றாள் யூலியா. "ஒரு சொல்லும் சொல்லமாட்டார்."

இப்போது அந்தப் பதிலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். அன்றைக்கு அது என் காதில் ஒரு மருமகளின் பெருமையாகத்தான் விழுந்தது. இராயப்பு அண்ணை எங்கள் இருவரையும் பார்த்துத் தலையாட்டினார். நல்ல இடத்தில் பிள்ளையைக் கொடுத்திருக்கிறேன், அது உங்களால்தான் என்று சொல்லாமல் சொல்கிற தலையாட்டல்.

யூலியா சட்டிக்குள் ஒரு கோவா இலையைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டிக்கொண்டிருந்தாள். அது எப்போதோ அவிந்துவிட்டது. பிறகு தலையை நிமிர்த்தாமலே, ஏதோ உப்புக் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"அப்பா, நான் வந்து கொஞ்ச நாள் உங்களோட நிக்கட்டோ?"

இராயப்பு அண்ணை முதலில் அவளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். சம்பந்தி வீட்டார் முன்னால் பிள்ளை ஏதோ ஏறுமாறாகக் கேட்டுவிட்டாளோ என்ற பயம் அது. உடனே முகத்தை மலர்த்திக்கொண்டார்.

"இதென்ன கேள்வி பிள்ளை? கொட்வினையும் கூட்டிக்கொண்டு வா. ரண்டு பேருமா வந்து எவ்வளவு நாளெண்டாலும் நில்லுங்கோ."

"இல்லை அப்பா. நான் மட்டும்."

"அதெப்பிடி?" என்று யோசப்பின் குறுக்கே விழுந்தாள். "புருசனைத் தனிய விட்டிட்டு வந்து நிண்டாச் சனம் என்ன சொல்லும்? ஒண்டுமில்லாததையெல்லாம் கட்டிக் கதைக்குங்கள்."

அடுத்து வாய் திறந்தது நான். வயிறு நிறைந்தால் எனக்குப் பகிடி வரும். "கொட்வின் பாவம். பட்டினி கிடந்து பாட்டுக்கும் குரல் வராமல் போயிடும்," என்றேன்.

எல்லோரும் சிரித்தோம். இராயப்பு அண்ணை வாய்விட்டுச் சிரித்தார், என் பகிடிக்குச் சிரிப்பதும் உபசாரத்தில் சேர்த்தி. யூலியாவும் சிரித்தாள். நாங்கள் சங்கடப்படக் கூடாதென்று அவள் சிரித்தாள். எனக்கு அந்தப் பகிடிகூட அவ்வளவு வலிக்கவில்லை. அந்தப் பிள்ளை சிரித்ததுதான் இன்றைக்கும் மனதைப் பிடித்து உலுப்புகிறது. அவள் கோபப்பட்டு எழும்பிப் போயிருக்கலாம். "மாமா, கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கோ" என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லத் தெரியாமல் வளர்த்தவர்களும் நாங்கள்தான்.

அவள் அந்தக் கோவா இலையை எடுத்துத் தன் கிண்ணத்தில் வைத்தாள். பிறகு எங்களுக்கு நூடில்ஸ் போடத் தொடங்கினாள்.

"என்னவோ கதைக்கோணும் எண்டனீ?" என்று தகப்பனுக்குக் கொஞ்சம் கழித்து நினைவு வந்தது. அதற்குள் பரிமாறுகிற பெண் வந்து, அடுத்த ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டு தட்டுகளை அடுக்க ஆரம்பித்துவிட்டாள். வாசலில் ஒரு குடும்பம் குளிர்ச்சட்டைகளோடு காத்து நின்றது.

"ஒண்டுமில்லை அப்பா. சும்மாதான். உங்களோட சாப்பிடோணும் போல இருந்தது."

"அதுதானே பார்த்தன். நல்ல சாப்பாடு பிள்ளை," என்றார் ஒரு துண்டு இறைச்சியும் சாப்பிடாத மனிதர்.

எஸ்-பான் ரயிலுக்கு நடந்து போகும்போது அவள் தகப்பனின் கையைக் கோத்துக்கொண்டாள். மற்றப் பக்கத்தில் யோசப்பின் நாளைக்குப் பூசைக்கு வரப்போகிறவர்களின் பெயரையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் அவர்களுக்குப் பின்னால் நடந்தேன். மனைவியை ஒருக்காப் பின்னால் கூப்பிட்டு, அவர்களைக் கொஞ்சம் தனிய விடுவோம் என்று சொல்ல எனக்கு ஒரு எண்ணம் வந்தது, உண்மை. ஏன் வந்தது என்று தெரியாது. வந்த எண்ணம், பிந்தி நடந்தால் இவர்கள் என்னவும் நினைப்பார்களோ என்று அப்படியே அடங்கிவிட்டது. எங்கள் ரயில் முதலில் வந்தது. அவள் ஒஃபன்பாக் பக்கம் போகிறவள், எதிர் மேடையில் நிற்க வேண்டும். கதவு மூட முன்னம் இராயப்பு அண்ணை தலையை நீட்டி, "போய்ச் சேர்ந்தவுடன மெசேச் போடு," என்றார். அவள் கையைக் காட்டினாள்.

அதற்குப் பிறகு ஒரு மாதமும் ஆகியிருக்காது. பீலெஃபெல்ட்டில் நான் குப்பை வாளியைக் கீழே கொண்டுபோய் வைத்துவிட்டு ஏறி வந்தபோது போன் அடித்தது. கொட்வின். அவனாகப் போன் எடுப்பதே அதிசயம்.

"சித்தப்பா, யூலியா போயிட்டா."

"எங்க?"

"டார்ம்ஸ்டாட்டில ரூம் எடுத்திருக்கிறா. சாமான் எல்லாம் கொண்டு போயிட்டா." மூக்கை உறிஞ்சினான். பிறகு, "அண்டைக்கு அப்பாவோட சாப்பிடப் போனவதானே, அண்டைக்கே அவரிட்டச் சொல்லுவன், அங்க போயிடுவன் எண்டு என்னட்டச் சொல்லிப்போட்டுத்தான் போனவ. திரும்பி வந்து ஒண்டும் சொல்லேல்லை. நான் நினைச்சன், மனம் மாறிட்டா எண்டு. நீங்களும் நிண்டனீங்கள்தானே?" என்றான்.

நான் நின்றேன் என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது? அவனைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை. அவன் குரலில் அழுகை இருந்தது, ஆனால் இந்த ஒரு போனில் கதைத்தளவு அவளோடு கதைத்திருந்தால் போதுமே என்றுதான் எனக்குத் தோன்றியது.

கொஞ்ச நேரத்தில் இராயப்பு அண்ணை எடுத்தார். அவருக்கும் கொட்வின்தான் சொல்லியிருந்தான். மனிதர் கொதித்துக்கொண்டிருந்தார்.

"ராசன், பாரும் இந்தப் பிள்ளை செய்த வேலையை. பெத்த தகப்பன் நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கிறன். எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை. புருசன் சொல்லி நான் கேக்கவேண்டியிருக்கு. அப்பிடி என்ன நான் அவளுக்குச் செய்யாமல் விட்டனான்? இனி அவளின்ர வாசல் மிதிக்கமாட்டன்."

யோசப்பின் பக்கத்தில் நின்று, சொல்ல வேண்டாம் என்று கையைக் காட்டினாள். அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது, முகம் வெளுத்துப் போயிருந்தது. சொல்லாமல் விடலாம்தான். மகள் மரியாதை தெரியாதவள் என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பது எங்கள் எல்லோருக்கும் வசதி. நான் சொன்னேன்.

"அண்ணை, அவள் சொல்லத்தான் வந்தவள். அண்டைக்கு அந்தக் கடைக்கு. உங்களை மட்டும் கூப்பிட்டது அதுக்குத்தான்."

போன் கட் ஆகிவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை.

"நிக்கட்டோ எண்டு கேட்டவள்," என்றார் கடைசியில்.

"ஓம் அண்ணை."

"நான் மட்டும் எண்டும் சொன்னவள்."

"ஓம்."

"நான் உம்மைப் பாத்துக்கொண்டிருந்தன்," என்றார். கோபம் இல்லை, குற்றம் சாட்டவும் இல்லை, நடந்ததைச் சொன்னார்.

அடுத்த நாள் திரும்ப எடுத்தார். டார்ம்ஸ்டாட்டுக்குப் போகப் போவதாகச் சொன்னார். வாசல் மிதிக்கமாட்டேன் என்ற பேச்செல்லாம் ஒரு இரவுக்குள் போய்விட்டது. ஆனால் அவரால் தனியாகப் போக முடியவில்லை. அவ்வளவு காலம் இந்த நாட்டில் தனியாக இருந்தும், மனம் நொந்த ஒரு இடத்துக்குத் தனியாகப் போகப் பழகவில்லை. எங்களில் ஆருக்குத்தான் அது பழக்கம்?

"நீரும் யோசப்பினும் ஒருக்கா வாங்கோவன். எல்லாருமாப் போய்க் கதைச்சா நல்லம்."

"இல்லை அண்ணை."

"ஏன், ரயில் இருக்குதுதானே?"

"நீங்கள் தனியப் போங்கோ அண்ணை."

அவர் இன்னொரு தடவையும் கேட்டார். இந்த முறை மூன்றாம் தடவையும் நான் மறுத்தேன். யோசப்பின் சேலையைத் தேடி எழும்பவில்லை. சோபாவில் இருந்து செபமாலையை விரலுக்குள் உருட்டிக்கொண்டிருந்தாள், செபம் சொன்னதாகத் தெரியவில்லை.

அவர் போய் வந்த அன்றைக்கு முழுக்க நான் போனைக் கையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். பின்னேரம்தான் எடுத்தார். குரல் களைத்திருந்தது.

"எப்பிடி அண்ணை இருக்கிறாள்?"

"நல்லா இருக்கிறாள். சின்ன ரூம்தான், துப்புரவா வச்சிருக்கிறாள். தேத்தண்ணி போட்டுத் தந்தாள். கன நேரம் இருந்தனான்."

"கதைச்சனீங்களோ?"

"எல்லாம் சொன்னாள். அவள் அழேல்லை. நான்தான் அழுதது."

"வீட்ட வரச் சொன்னனீங்களோ?"

"சொன்னனான். சாமானைக் கட்டு பிள்ளை, இப்பவே போவம் எண்டனான். இல்லை அப்பா, இஞ்ச எனக்குச் சரிவரும் எண்டாள். கோவமாச் சொல்லேல்லை ராசன். சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவள்."

"நாள் போக வருவாள் அண்ணை."

"ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா எண்டு கேட்டனான். வாறன் எண்டவள்."

"பிறகென்ன? அது போதும்தானே."

அவர் குழாயைத் திறந்து தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது.

"எத்தினை மணிக்கு வரட்டும் எண்டு கேட்டவள்," என்றார். "வாசல்மட்டும் வந்து என்னை வழியனுப்பினவள். கதவடியில நிண்டுகொண்டு, அப்பா, நான் வரேக்க என்ன கொண்டு வரட்டும் எண்டு, விருந்துக்கு வாற ஆக்கள் மாதிரிக் கேட்டவள்."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றிப் பிடித்தேன்.

"எனக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை ராசன். ஒண்டும் வேண்டாம், நீங்கள் வந்தாக் காணும் எண்டு சொல்லிப்போட்டன். என்ர பிள்ளைக்கு, நீங்கள் எண்டு."